குரற்பாடமும் மௌன விரதமும்

இனிமேல் எங்கள் வீட்டு ஒலிப்பதிவில் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். அது என் குரலாக இருக்க வேண்டும்.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹைதராபாத் மாரெட்பள்ளியிலிருந்து சைனிக்புரி வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும்போது இந்தச் சபதத்தை எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் எடுத்த சபதம். வெளியே யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்குள் எடுத்த சபதங்களும் இதுவரை யாருக்கும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

நான் ராமசுவாமி. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவு. அது வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரெட்பள்ளி தமிழ் மன்றத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அது ஆத்மாவுக்கு. வயிறாவது மாதம் ஒருமுறை நிறைகிறது.

என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காக ஹைதராபாத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழில் சொன்னால் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும். இல்லாவிட்டால் இந்தியில். ரொம்பக் கோபம் வந்தால் ஆங்கிலத்தில். பத்து வயது நஸ்ரின் என்று ஒரு சுட்டிப் பெண். "இன்று புதிதாக ஒரு சொல் கற்கலாமா, செல்வமே?" என்று கேட்டால், "நக்கோ சார்" என்பாள். வேண்டாம் என்று அர்த்தம். சொல் வேண்டாமா, சாரே வேண்டாமா என்று நான் விளக்கம் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை ஊத்துறது திங்கட்கிழமையே வடிஞ்சு போயிடுது சார்" என்று வருத்தப்பட்டார் வகுப்பை நடத்தும் வசந்தகுமாரி அம்மாள்.

அப்போதுதான் தினேஷ் ஒரு யோசனை சொன்னான். ஒரு மாணவனின் அப்பா. பேகம்பேட்டில் சாப்ட்வேர் ஆபீஸ்.

"பாட்காஸ்ட் போடலாம் சார். நீங்க வீட்டுலயே பாடத்தைப் பேசிப் பதிவு பண்ணுங்க. நான் நெட்டுல ஏத்திடறேன். பசங்க ஸ்கூல் பஸ்லயும் கார்லயும் கேப்பாங்க. புரியலைன்னா நிறுத்தி மறுபடி கேக்கலாம். ஞாயித்துக்கிழமை வகுப்புல நாம பாடம் நடத்த வேண்டாம். கேட்டதைப் பத்தி அவங்களைப் பேசவிட்டாப் போதும்."

"நிறுத்தலாமா?" என்று கேட்டாள் என் மனைவி சகுந்தலா, அன்று வீட்டில் நான் இதை விளக்கியபோது. "உங்க பேச்சையா? நடுவுலயா?"

"ஆமாம்."

"செந்தூர் முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எப்பேர்ப்பட்ட மிசினெல்லாம் வருது!"

அவளுக்கு ஊர் திருச்செந்தூர் பக்கம். எனக்கும்தான். ஆனால் நான் ஹைதராபாத் வந்த இத்தனை வருஷத்தில் திருநெல்வேலிப் பேச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, செந்தமிழாகக் காயப்போட்டுவிட்டேன். அவள் ஒரு சொட்டுக்கூடப் போகாமல் அப்படியே வைத்திருக்கிறாள். காலையில் விளக்கேற்றி முருகனிடம் பேசுவதும் அதே பேச்சு, கீரைக்காரம்மாவிடம் பேசுவதும் அதே பேச்சு. இருவரும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் பாட்காஸ்டுக்குக் ‘குரற்பாடம்’ என்று பெயர் சூட்டினேன். எல்லோரும் பாட்காஸ்ட் என்றே சொன்னார்கள். போகட்டும். வசந்தகுமாரி அம்மாள் இன்னொன்றும் சொன்னார். "பொங்கல் விழாவுல, இந்தப் பாட்காஸ்டால பிள்ளைங்களைத் தமிழ் பேச வெச்சவங்களுக்கு மேடையில பொன்னாடை போர்த்தப்போறோம்."

பாடம் பேசப்போவது நான் ஒருவன். வேறு யாருக்குப் போர்த்துவார்கள்? அன்றிரவே என் தோள்கள் அரைச் சாண் அகன்றுவிட்டன.

முதல் குரற்பாடம், ‘சமையலறைப் பொருள்கள்’. தினேஷ் கொடுத்த விரல் நீள ரெக்கார்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன்.

"அன்பார்ந்த மாணாக்கச் செல்வங்களே! சமையற்கூடம் என்பது யாதெனில், அறுசுவைகளும் சங்கமிக்கும் ஓர் உன்னதத் தலமாகும். அத்தலத்தின் கண்..."

"ஏங்க, உப்ப எங்க வச்சிய?"

சமையலறையிலிருந்து. நான் கையால் உஷ் காட்டினேன். சுவருக்குப் பின்னால் இருப்பவளுக்குக் கை எப்படித் தெரியும்?

"உங்களத்தான்! நேத்து மோருக்குப் போட எடுத்தியள்லா? எத்தன மட்டம் சொல்லுதது, எடுத்த சாமானத்த எடுத்த எடத்துல வைங்கன்னு? அன்னா, சன்னல்ல இருக்கு. சரி, நீங்க பேசுங்க."

பேசினேன். பத்து நிமிடம். அறுசுவையையும் ஒன்றுவிடாமல்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குள் நுழைந்தேன். நஸ்ரின் எழுந்து நின்றாள்.

"சார், உப்பு கெடச்சுதா?"

தமிழ்! நஸ்ரின் வாயிலிருந்து! புல்லரித்தது. அடுத்த நொடியே அது என்ன தமிழ் என்று உறைத்தது.

"செல்வமே, நான் சொன்ன உவர்ப்பு, துவர்ப்பு..."

"அன்னா, சன்னல்ல இருக்கு!" என்று கத்தினான் ஒரு பையன். வகுப்பு முழுக்க "அன்னா! அன்னா!" என்று ஜன்னலைக் காட்டியது. அதோ என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு.

பத்து நிமிடம் நான் பேசியதில் யாருக்கும் ஒரு வார்த்தை நினைவில்லை. அவள் பேசியது அரை நிமிடம். பதினைந்து பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

வெளியே தினேஷ் நின்றிருந்தான். "சூப்பர் சார்! ஆன்ட்டி வர்ற எடத்தை மட்டும் எங்க வீட்டுல திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாங்க. அடுத்த பாடத்துலயும் வருவாங்களா?"

"அது பாடம் இல்லை, தினேஷ். இடையூறு."

"அந்த எடையூறு ரொம்ப நல்லா இருந்துச்சு சார்."

வசந்தகுமாரி அம்மாளும் விடவில்லை. "உங்க வீட்டம்மா குரல் எவ்வளவு இயல்பா இருக்கு!" அப்படியென்றால் என் குரல் என்ன, செயற்கை உரமா?

நஸ்ரினின் அப்பா வந்து ஆனந்தமாக முறையிட்டார். "சார், என் பொண்ணு வீட்டுல முதல் தடவையாத் தமிழ்ல பேசறா. என்னைத்தான் திட்டறா. ‘எத்தன மட்டம் சொல்லுதது, செருப்ப வெளிய விடுங்க’ன்னு. எங்களுக்கு வாணியம்பாடி சார். எங்க வம்சத்துலயே யாரும் இப்படிப் பேசினதில்ல. கேக்கக் கேக்க ஆசையா இருக்கு!"

அந்த மதியம்தான் ஹெல்மெட்டுக்குள் சபதம் எடுத்தேன்.

பொறாமை என்று நினைக்காதீர்கள். கட்டிய மனைவிமேல் யாராவது பொறாமைப்படுவார்களா? தமிழின் தரம் பற்றிய கவலை. அந்தக் கவலையில் அன்று சாம்பார் தொண்டையில் இறங்கவில்லை. உப்பு சரியாக இருந்தது என்பதே எரிச்சலாக இருந்தது.

அடுத்த பாடத்தைக் குளியலறையில் வைத்துக்கொண்டேன். கதவைத் தாழ் போட்டாயிற்று. என் குரல் கோயில் மணிபோல் எதிரொலித்தது. ‘பறவைகள்’ என்று ஆரம்பித்தேன். மயிலின் தோகையை விரிக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு கூடப் பேசுதிய?"

"பாடம், சகுந்தலா!"

"பாடத்த வெளிய வந்து பேசுங்க. குழாயத் தொறந்துட்டுப் பேசுதிய, தொட்டித் தண்ணி பூராம் போகுது."

மொட்டை மாடிக்குப் போனேன். பின்னாலேயே காபி வந்தது. "இங்கன வெயில்லயா இருக்கிய? தலவலி வந்தா என்னத்தான் தைலம் தேய்க்கச் சொல்லுவிய." ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகைக்குப் போனேன். அங்கே அவள் வரவில்லை. கீரைக்காரம்மா வந்தார். அவரைத் தேடிக்கொண்டு அவள் வந்தாள். சகுந்தலா திருநெல்வேலியில் விலை கேட்க, அவர் தெலுங்கில் சொல்ல, மூன்று நிமிடம் பேரம். ஒரு சொல்லும் பொதுவில் இல்லாமல் சுபமாக முடிந்தது. பின்னணியில் நான் மயில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கீரைக்காரம்மாவாகவும் அத்தையாகவும் பிரிந்து நின்று வகுப்பில் பேரம் நடத்தினார்கள். ஆமாம், இப்போது அவளுக்குப் பெயரே வந்துவிட்டது. ‘அத்தை.’ நான் இத்தனை வருஷமாக ‘சார்’. ஒருவன்கூட மாமா என்று சொன்னதில்லை. அவளுக்கு முதல் மாதத்திலேயே உறவுமுறை.

"அத்தை எப்ப சார் வகுப்புக்கு வருவாங்க?"

"அத்தைக்கு வேலை இருக்கிறது."

"உங்களுக்கு வேலை இல்லையா சார்?"

பொன்னாடை என் தோளிலிருந்து நூல் நூலாக உருவப்படுவதை உணர்ந்தேன். இனி பொறுப்பதற்கில்லை. திட்டம் போட்டேன். சின்னப் பொய்தான். வீட்டுக்கு நல்லது என்றால் பொய்யும் ஒரு மருந்து. கஷாயம்போல் முகத்தைக் கசப்பாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"சகுந்தலா, மனசுல வெச்சுக்காதே. மன்றத்துல குறை சொல்றாங்க. பாடத்துக்கு நடுவுல உன் குரல் வர்றது பிள்ளைங்களுக்குத் தொந்தரவா இருக்காம்."

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"பிள்ளைகளா சொல்லுச்சு?"

"பிள்ளைங்க... பெரியவங்க... எல்லாருந்தான்."

"ஐயோ பாவம், படிக்கிற புள்ளைகளுக்குக் கெடுதல் பண்ணிப்புட்டனே" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை. சத்தம் இல்லை. எழுந்து பூஜை அறைக்குள் போனாள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு வெண்டைக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சமாளித்தேன்.

திரும்பி வந்தாள். நெற்றியில் புதுத் திருநீறு.

"மார்கழி பொறக்கப்போகுது. நீங்க பாடம் பேசுதது சனிக்கிழமைதான? மார்கழி மாசச் சனிக்கிழமை பூராம் மௌன விரதம் இருக்கேன்னு முருகன்ட்ட சொல்லிட்டேன். விடிஞ்சதுலருந்து சாயங்காலம் வெளக்கேத்துற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க நிம்மதியாப் பேசுங்க."

நான் கேட்டது பத்து நிமிட அமைதி. கிடைத்ததோ பகல் முழுக்க! எத்தனை கணவர்களுக்கு இந்த வரம் வாய்க்கும்? "உன் பக்திக்கு முருகன் நல்லது செய்வான்" என்று பெரிய மனதோடு ஆசீர்வதித்தேன்.

முதல் சனிக்கிழமை. வாசலில் பெரிய கோலம். அடுப்படியில் சத்தமில்லை. பாத்திரங்கள்கூட விரதம் இருந்தன. கூடத்து நாற்காலியில் ராஜாபோல் உட்கார்ந்தேன். ரெக்கார்டர் கழுத்தில். பாடம், ‘என் குடும்பம்’.

"அன்பார்ந்த மாணாக்கச் செல்வங்களே! குடும்பம் என்பது அன்பென்னும் அச்சில் சுழலும் தேராகும். எங்கள் இல்லத்தில் எப்பண்டமாயினும் அனைவரும் பகிர்ந்தே உண்போம்..."

எதிரே சகுந்தலா வந்து நின்றாள். கையில் எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்து என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். காலி.

"என்ன?" என்றேன்.

டப்பாவின் அடியில் விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

"முந்திரிக்கொத்து உருண்டையா? எனக்கென்ன தெரியும்?"

அவளுடைய ஒரு புருவம் மேலே போயிற்று.

"எலி வந்திருக்கும்."

இரண்டாவது புருவமும் போயிற்று.

"எலி தின்னுட்டு மூடியை இறுக்கி மூடிட்டுப் போகுமான்னு கேக்கறே. அப்படித்தானே?"

அவள் எங்கே கேட்டாள்? ஆனால் கேட்டதுபோல்தான் இருந்தது. முப்பது வருஷப் பழக்கம். அவள் வாய் மூடியிருந்தாலும் எனக்குக் காது திறந்தே இருக்கிறது.

"சரி. ஒண்ணு எடுத்தேன்."

பார்த்தாள்.

"ரெண்டு."

பார்த்தாள். கோபமாகப் பார்த்தாலாவது பரவாயில்லை. சாமி படத்தைப் பார்ப்பதுபோல் அமைதியாகப் பார்த்தாள்.

"இப்படிப் பாக்காதளா! ஆமா, நாந்தான் தின்னேன். பூராத்தையும் நாந்தான் தின்னேன்! போதுமா?"

கழுவிக் காயப்போட்ட திருநெல்வேலி ஒரே வீச்சில் திரும்பி வந்துவிட்டது. அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்து உயரம் காட்டி, முதுகில் பின்னல் தொங்குவதுபோல் காட்டினாள்.

"தெரியும்ளா. பெங்களூருக்கு மகளுக்கு அனுப்ப வச்சிருந்த. அவ அங்கன கேக்கு திங்கா. அவளுக்கு எதுக்கு முந்திரிக்கொத்து?"

இரண்டு விரலால் தன் புஜத்தில் ஊசி குத்துவதுபோல் காட்டினாள்.

"சுகர் இருக்குன்னு எனக்குந்தான் தெரியும்! டாக்டர் சொன்னாரு, நீ சொன்ன, இப்பக் கையாலயும் சொல்லுத! நீ என்னத்துக்குளா இப்படி நிக்க? திட்டணும்னா வாயத் தொறந்து திட்டிட்டுப் போ!"

அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள். பிறகு, பிள்ளைகளுக்குத் தொந்தரவாயிற்றே, என்ன செய்ய என்பதுபோல் உள்ளங்கையை விரித்தாள். அதில் கோபமே இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். அங்கேதான் நான் உடைந்தேன்.

"யாரும் சொல்லலளா! உன் சத்தம் தொந்தரவுன்னு ஒருத்தனும் சொல்லல. புள்ளைய பூராம் உன்னையத்தான் கேக்குது. நான் தொண்ட கிழியக் கத்துதேன், அதுக உப்பு கெடச்சுதான்னு கேக்குது. எனக்குத்தான் வயித்தெரிச்சல்! போதுமா? போ, போய் வெளக்க ஏத்து!"

காலை ஒன்பது மணிக்கு என்ன விளக்கு? வாயில் வந்துவிட்டது.

சகுந்தலா டப்பாவை மூடினாள். காலி டப்பா. அதை அவ்வளவு பத்திரமாக மூட வேண்டியதே இல்லை. உதட்டோரத்தில் லேசாக என்னவோ ஓடியது. உள்ளே போய்விட்டாள்.

குனிந்து பார்த்தேன். கழுத்தில் ரெக்கார்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

நல்லவேளை. நான் என்ன, விவரம் தெரியாதவனா? நிறுத்தினேன். அழிக்கத் தெரியாது, அதனால் அழிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தேரை மறுபடி அச்சில் ஏற்றி, பகிர்ந்து உண்ணும் பகுதியை இன்னும் உருக்கமாகச் சேர்த்து, இரண்டாவது பதிவைச் சுத்தமாக முடித்தேன்.

அன்று பேகம்பேட்டில் ஆபீஸ் நண்பரின் பணி ஓய்வு விருந்து. ரெக்கார்டரை வாங்கிப் போகத் தினேஷ் மதியம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். சகுந்தலாவிடம் கொடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

"இதுல ரெண்டு இருக்கு. ரெண்டாவதைத்தான் போடணும். முதலாவதை அழிச்சிடணும். தினேஷ்கிட்ட விரலால காட்டிடு. சரியா?"

தலையாட்டினாள். நிம்மதியாகப் போய் விருந்து சாப்பிட்டேன்.

மறுநாள் மன்றத்துக்குள் நுழைந்தேன். வழக்கமாகப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பறக்கும் பெற்றோர்கள் அன்று ஒருவரும் போகவில்லை. சுவரோரமாக நின்றார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வசந்தகுமாரி அம்மாள் மேசைமேல் ஸ்பீக்கர் வைத்திருந்தார்.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். இன்னிக்கு வகுப்பை நானே நடத்தறேன். பிள்ளைங்களா, சார் பேசறது மட்டும்தான் நமக்குக் கேக்குது. அத்தை என்ன கேட்டிருப்பாங்க? நிறுத்தி நிறுத்திப் போடறேன். தமிழ்ல சொல்லணும்."

பொத்தானை அழுத்தினார்.

‘எலி வந்திருக்கும்’ என்றது ஸ்பீக்கர். என் குரல்.

நிறுத்தினார். பதினைந்து கைகள் உயர்ந்தன.

"ஏங்க, எலிக்கு டப்பா தொறக்கத் தெரியுமா?"

"எலிக்கு மட்டும் எப்படி முந்திரிக்கொத்து? எனக்கு எங்க?"

"அன்னா, உங்க மீசையில ஒட்டியிருக்கு பாருங்க!"

என்னையறியாமல் மீசையைத் துடைத்தேன். கூடமே அதிர்ந்தது. தெலுங்கில் ஒரு சொல் இல்லை. இந்தியில் ஒரு சொல் இல்லை. நஸ்ரின் முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள். அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தா, அழுதா என்று தெரியவில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதற்காக என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் அதுவும் வந்தது. ‘எனக்குத்தான் வயித்தெரிச்சல்! போதுமா?’

நஸ்ரின் கையைத் தூக்கினாள்.

"சார், வயித்தெரிச்சல்னா என்ன?"

பத்து மாதத்தில் முதல்முறையாக அவள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறாள். ஆசிரியன் பதில் சொல்லாமல் இருக்கலாமா?

"அது... செல்வமே... பொறாமை."

"எதுக்கு சார் பொறாமை? அத்தை சும்மா இருந்தா நீங்களும் நல்லாத்தான் பேசறீங்க!"

வீட்டுக்குப் பறந்தேன். சகுந்தலா பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. விரதம் இல்லை.

"தினேஷ்கிட்ட என்ன காட்டினே?"

"மொதல்லதா, ரெண்டாவதான்னு கேட்டாப்ல. மொதல்லதுன்னு ஒரு வெரலக் காட்டினேன்."

"ரெண்டாவதுன்னு நான் சொல்லலையா? நீ தலையாட்டலையா?"

"காதுல விழுந்துச்சுன்னு ஆட்டினேன்."

"அப்புறம் ஏன் மாத்திக் காட்டினே?"

அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நானும் பூசை அறைல இருந்து ரெண்டாவதையும் கேட்டுகிட்டுத்தான இருந்தேன்? ரெண்டாவது பூராம் பகிர்ந்து திம்போம்னே சொன்னிய. அது பொய். மொதல்லதுல கடைசிலயாவது உள்ளத ஒத்துக்கிட்டிய. சாமிக்குன்னு விரதம் இருக்கையில பொய்யக் கையாலதான் காட்டலாமா? நீங்களே சொல்லுங்க."

ஆனால் ஒன்று. அன்று மாலை குளிர்ந்த மனதோடு யோசித்தபோது ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகளைத் தமிழ் பேச வைத்தது எந்தப் பதிவு? அந்தப் பதிவு. அதில் ஒலித்தது யார் குரல்? என் குரல். என் குரல் மட்டுமே! அவள் அதில் ஓர் எழுத்துகூடப் பேசவில்லை. மானம் போனால் என்ன, பொன்னாடை வருகிறதே! மார்கழி முழுக்கச் சனிக்கிழமைதோறும் அவள் பார்த்தாள், நான் உளறினேன், தினேஷ் ஏற்றினான். ஒவ்வொரு பதிவுக்கும் என் தோள் மறுபடி அகன்றது.

பொங்கல் விழா. மன்றம் நிறைந்த கூட்டம். பட்டு வேட்டி கட்டி முதல் வரிசையில், மேடைப் படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தால் இரண்டே எட்டு.

வசந்தகுமாரி அம்மாள் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம பிள்ளைங்க இன்னிக்குத் தமிழ்ல பேசறாங்கன்னா, அதுக்குக் காரணமானவங்களுக்குப் பொன்னாடை போர்த்துறதுல மன்றம் பெருமைப்படுது."

எழுந்தேன்.

"பேசி வேலை வாங்கறவங்க ஆயிரம் பேர். ஒரு வார்த்தையும் பேசாம ஒரு வகுப்பையே பேச வெச்சவங்க, சகுந்தலா அம்மா!"

எழுந்தவன் சும்மா உட்கார முடியுமா? அவள் மேடையேற வழி விடுவதற்காகத்தான் எழுந்தேன் என்பதுபோல் கையை நீட்டிக் காட்டினேன். "அத்தை! அத்தை!" என்று பிள்ளைகள் கூரையைப் பிய்த்தார்கள். அவள் கூச்சத்தோடு ஏறினாள், பொன்னாடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கும்பிட்டாள், இறங்கினாள். அதிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை முருகன் படத்தின்முன் வைத்து விளக்கேற்றினாள். பிறகு அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. உங்களுக்குத்தான் ஆசையா இருந்துச்சு. நீங்க போத்திக்கிடுங்க."

என்ன பெண் இவள்! வாங்கி, உதறி, போர்த்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். முன்னால் திரும்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தேன். அவள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கா?"

பார்த்தாள்.

"வாயைத் திறந்து சொல்லேன். மார்கழிதான் முடிஞ்சுபோச்சே!"

பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் தோளைப் பார்த்தாள்.

"சரிளா, சரி! ஏற்புரை தயார் பண்ணி வச்சிருந்தேன். ஒரு வாரமாக் குளிக்கும்போது அதத்தான் மனப்பாடம் பண்ணுனேன். அதுல உன் பேரு ஒரு எடத்துலயும் வரல. போதுமா?"

"அதில்லங்க" என்றாள் சகுந்தலா. "சரிகை உள்பக்கமாப் போயிருச்சு. திருப்பிப் போத்துங்க."